அளவைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன? "ஒன்றுதான், போன மாதம்தான் வாங்கினோம்" என்பீர்கள். கணக்கு தவறு. இன்டர்நெட்டுக்காக மூலையில் வைத்திருக்கிறீர்களே ஒரு மோடம், அதுவும் கம்ப்யூட்டர்தான். அதற்குள்ளும் பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் உண்டு. மானிட்டரும் கீபோர்டும் மட்டும் இல்லை. வாசலில் மாட்டிய கேமராவின் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியும் அப்படித்தான். இப்படிப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் இயங்குகிறது. அவற்றில் மிகப் பலவற்றுக்குள் பிஸிபாக்ஸ் என்ற ஒரு சிறிய புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கருவிக்காக பிஸிபாக்ஸைத் தயார் செய்யும்போது அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு இன்ஜினியர் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்பவர்களில் நானும் ஒருவன். இன்ஜினியரிங் முடித்த நாளிலிருந்து சென்னையில் இதே வேலை. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. இந்த முடிவை எடுப்பதில் எங்கள் துறையில் ஒரு தவறான பழக்கம் இருக்கிறது என்பது என் கருத்து. எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை மட்டுமே நாங்கள் பார்க்கிறோம். கருவி எங்கே இருக்கப்போகிறது, அது நின்றுபோனால் அதன் முன் நிற்கப்போவது யார் என்று பார்ப்பதில்லை. இந்தத் தவறை நானே செய்துவிட்டு, திருச்சுழிப் பக்கம் ஒரு மோட்டார் அறையில் நின்று பாடம் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

"இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் இப்போதுதான் மவுஸ் பிடிக்கவே கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்கிறீர்களா? கடைசி வரை படியுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

ஒரே பைல், பல வேலைகள்

முதலில் பிஸிபாக்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். லினக்ஸில் ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஒரு தனிப் புரோகிராம் உண்டு. பைல்களின் பட்டியலைக் காட்ட ஒன்று, காப்பி செய்ய ஒன்று, அழிக்க ஒன்று, நெட்வொர்க் இணைப்பைச் சோதிக்க ஒன்று. உங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் இவை நூற்றுக்கணக்கில் தனித்தனி பைல்களாக ஹார்ட் டிஸ்க்கில் உட்காரும். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.

மோடத்தில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பிளாஷ் மெமரி மட்டும்தான். பழைய மோடம்களிலும் ரூட்டர்களிலும் இது 4 எம்.பி. அல்லது 8 எம்.பி.தான் இருக்கும். 4 எம்.பி. என்றால் ஒரு எம்பி3 பாட்டின் அளவு. அதற்குள் ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம் அடங்க வேண்டும்.

இதே நெருக்கடி 1990களின் நடுவிலும் வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை இன்ஸ்டால் செய்ய ஒரு பிளாப்பி தேவைப்பட்டது. பிளாப்பியில் கொள்ளுவது 1.44 எம்.பி.தான். அந்த ஒரே பிளாப்பியில் கம்ப்யூட்டர் பூட் ஆக வேண்டும், புதிதாக இன்ஸ்டால் செய்யவும் உதவ வேண்டும், கெட்டுப்போன கம்ப்யூட்டரை மீட்கவும் உதவ வேண்டும். இதற்காக புரூஸ் பெரன்ஸ் என்பவர் எழுதியதுதான் பிஸிபாக்ஸ். பின்னர் எரிக் ஆண்டர்சன் அதை வளர்த்தார். 2006ன் இறுதியிலிருந்து டெனிஸ் விளாசென்கோ பொறுப்பாக இருந்து வருகிறார்.

அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது. எல்லாச் சிறு புரோகிராம்களையும் ஒரே பைலுக்குள் கட்டிவிடுவது. அந்த ஒரு பைலுக்குப் பல பெயர்கள் இருக்கும். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அந்த வேலையை அது செய்யும். பொதுவான பகுதிகளை எல்லா வேலைகளும் பகிர்ந்துகொள்வதால் இடம் மிச்சம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டி, ஒரே மூடி, உள்ளே கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம். பிஸிபாக்ஸில் இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஆப்லெட் என்று பெயர். மொத்தம் 300க்கும் மேற்பட்ட ஆப்லெட்கள் உண்டு.

எல்லா அறைகளையும் நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை. மெனுகான்பிக் என்று ஒரு மெனு உண்டு. நீல நிறத் திரையில் எடிட்டர்கள், நெட்வொர்க் கருவிகள், பதிவேட்டுக் கருவிகள் என்று வகைவகையாகப் பட்டியல் வரும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு ஆப்லெட் சேரும், மறுபடி தட்டினால் நீங்கும். இன்றைய பதிப்புகளில் ஒவ்வொரு ஆப்லெட்டின் பக்கத்திலும் அது ஏறக்குறைய எத்தனை கே.பி. பிடிக்கும் என்றும் எழுதியிருக்கும். தேர்வு முடிந்ததும் கம்பைல் செய்தால் அந்தக் கருவிக்கே உரிய பிஸிபாக்ஸ் தயார்.

இரண்டு கட்சிகள்

இந்த மெனுவின் முன் உட்காரும் இன்ஜினியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள்.

முதல் கட்சி: "எல்லாமே இருக்கட்டும்." டெப்கான்பிக் என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லா ஆப்லெட்களும் தேர்வாகிவிடும். வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. அப்படிக் கட்டினாலும் ஒன்றிரண்டு எம்.பி.தான் வரும். மெமரி மலிவாகிவிட்ட காலத்தில் யார் யோசிப்பது என்பது இவர்கள் வாதம்.

இரண்டாவது கட்சி: "எல்லாவற்றையும் வெட்டு." எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு, கருவி இயங்கத் தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்கள். கடைசியில் எத்தனை கே.பி. என்று பார்த்துப் பெருமைப்படுவார்கள். நான் இந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

சித்தப்பாவின் மோட்டார்

திருச்சுழியைத் தாண்டி எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலமும் ஒரு கிணறும் உண்டு. எங்கள் பக்கத்து விவசாயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை வந்தால் கண்மாய், வராவிட்டால் கிணறு. சுற்றிலும் சீமைக்கருவேலம். 2022ல் அவருடைய தண்ணீர் மோட்டாரின் காயில் இரண்டு முறை கருகியது. காயில் கட்டவும், மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கி இறக்கவும் ஒவ்வொரு தடவையும் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு.

மும்முனை மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் விட்டுப்போனால் மற்ற இரண்டு ஒயர்களில் கரண்ட் ஏறும், காயில் சூடாகிக் கருகும். காயில் கட்டும் மெக்கானிக் சித்தப்பாவைத்தான் சந்தேகப்பட்டார். "அண்ணாச்சி, கெபாசிட்டரைப் போட்டு ரெண்டு பேஸ்லயே ஓட்டியிருக்கீக. அதான் கருகுது" என்றார். "இல்லப்பா, நான் அப்படி ஓட்டுற ஆளே கெடையாது" என்று சித்தப்பா சத்தியம் செய்தார். இருவருக்கும் பேச்சு தடித்துவிட்டது.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, "நான் ஒரு பெட்டி செஞ்சு தர்றேன் சித்தப்பா, எந்த பேஸ் எப்போ போகுதுன்னு அது எழுதி வைக்கும்" என்றேன். மூன்று ஒயர்களிலும் ஆளுக்கொரு கரண்ட் சென்சார். அவற்றைப் படிக்க ஒரு ஆர்டுயினோ போர்டு. அது சொல்வதைத் தேதி, நேரத்தோடு பதிவு செய்து வைபை மூலம் செல்போனில் காட்ட ஒரு பழைய ரூட்டர். கரண்ட் போனாலும் ஓடுவதற்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி. ரூட்டர் பழைய சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் இருந்தது 4 எம்.பி. பிளாஷ். ரூட்டர்களுக்கென்றே உள்ள ஓபன்டபிள்யுஆர்டி என்ற லினக்ஸின் பதிப்புகள், 2021லிருந்து 4 எம்.பி. ரூட்டர்களைக் கைவிட்டுவிட்டன. ஆகவே கெர்னலிலிருந்து பிஸிபாக்ஸ் வரை நானே தேர்வு செய்து கட்டினேன்.

என் கட்சிக் கொள்கைப்படி வெட்டித் தள்ளினேன். வி.ஐ. எடிட்டர் வேண்டாம், கிணற்றடியில் யார் பைலைத் திருத்தப்போகிறார்கள்? சிஸ்டம் என்ன செய்தது என்று எழுதி வைக்கும் பதிவேட்டு ஆப்லெட்கள் வேண்டாம். நெட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கித் தரும் என்.டி.பி.டி. வேண்டாம், நானே ஒரு முறை கையால் நேரத்தை வைத்துவிட்டால் போதும், பேட்டரிதான் இருக்கிறதே. கட்டளைகளுக்கான உதவிக் குறிப்புகள் வேண்டாம், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை திரும்ப வரும் வசதியும் வேண்டாம். பெட்டி அழகாக ஓடியது. சித்தப்பா செல்போனில் பார்த்து மகிழ்ந்தார். நான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

1970 ஜனவரி 1

பிப்ரவரி கடைசியில் சித்தப்பாவிடமிருந்து போன். மோட்டார் மூன்றாவது முறையாகக் கருகிவிட்டது. மிளகாய் காய்ப்பில் இருந்த நேரம். "ஏப்பா, பெட்டியப் பார்த்தா தேதி 1970ங்குது. மெக்கானிக் என்னையப் பார்த்துச் சிரிக்கிறாரு" என்றார்.

நடந்தது இதுதான். இரண்டு நாள் தொடர்ந்து கரண்ட் இல்லாமல் போனதில் பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டது. அதன்பின் அது தேறவே இல்லை. கரண்ட் போகும்போதெல்லாம் பெட்டியும் அணைந்து, வந்தவுடன் புதிதாகத் தொடங்கியது. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பட்டன் பேட்டரி உண்டு. அதனால்தான் பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் தேதி மாறுவதில்லை. இந்த ரூட்டரில் அது கிடையாது. யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டம்கள் நேரத்தை 1970 ஜனவரி 1லிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. நேரம் தெரியாவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம், அதாவது அந்தத் தேதி. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதே 1970 ஜனவரி 1. பதிவேட்டில் ஆறேழு ஜனவரி 1கள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடந்தன. பேஸ் விட்டுப்போனது பதிவாகியிருந்தது. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது மட்டும் இல்லை. சித்தப்பாவுக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

போனிலேயே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சித்தப்பா மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் புது லேப்டாப் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அவள் புதுசு, உங்களைப் போலத்தான். நான் விட்டு வந்த கேபிளால் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து, நான் சொல்லச் சொல்ல டைப் செய்தாள்.

சிஸ்டம் பதிவைக் காட்டச் சொன்னேன். "நாட் பவுண்ட்னு வருது அண்ணா" என்றாள். ஒரு கட்டளையின் உதவிக் குறிப்பைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன், எனக்கே அதன் ஆப்ஷன் மறந்திருந்தது. ஒன்றும் வரவில்லை. தொடக்க பைலை எடிட்டரில் திறக்கச் சொன்னேன். எடிட்டர் இல்லை. ஒவ்வொரு வரியாகக் கட்டளையாகவே எழுதச் சொன்னேன். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் முழு வரியையும் மறுபடி டைப் செய்ய வேண்டும், அம்புக்குறிதான் வேலை செய்யாதே. வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அவள் ஒன்றரை மணி நேரம் போராடினாள். கடைசியில், "அண்ணா, நான் ஏதாவது கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் எதையும் கெடுக்கவில்லை. அவள் கையில் கொடுத்திருக்க வேண்டியவற்றையெல்லாம் எடுத்துவிட்டவன் நான்.

அன்றைக்கு அவளால் கையால் நேரத்தை வைக்க முடிந்தது. அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி 1970. வேறு வழியில்லாமல் நானே புறப்பட்டேன். சென்னையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு இரவு பஸ், அங்கிருந்து திருச்சுழிக்கு ஒரு பஸ், அதன்பின் சித்தப்பாவின் டிவிஎஸ் 50. வேலை ஒரு மணி நேரம்தான். மறுபடி ஒரு இரவு பயணம்.

கணக்குப் பார்த்தேன்

ஊரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வி.ஐ. எடிட்டர் 20 கே.பி.க்குச் சற்று மேல். என்.டி.பி.டி.யும் ஏறக்குறைய அதே அளவு. பதிவேட்டு ஆப்லெட்கள் இரண்டும் சேர்ந்து 20 கே.பி.க்குள். உதவிக் குறிப்புகள், அம்புக்குறி வசதி எல்லாம் சேர்த்தும் மொத்தம் சுமார் 100 கே.பி. பிளாஷில் சுருக்கி வைக்கும்போது அதிலும் பாதிதான். அந்த ரூட்டரில் அப்போது காலியாகக் கிடந்த இடம் 300 கே.பி.! யாருக்கும் தேவைப்படாத இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மோட்டார், ஒரு வாரத் தண்ணீர், இரண்டு இரவுப் பயணம் ஆகியவற்றைச் செலவழித்திருந்தேன்.

சென்னையில் என் மேஜை மேல் இருக்கும் கருவியில் எடிட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை. அஞ்சறைப் பெட்டியில் கடுகு தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குகிறோமே, அது போல வேறு வழி பண்ணிக்கொள்ளலாம். காட்டுக் கிணற்றுக்குப் பக்கத்து வீடு ஏது? காட்டு வேலைக்குப் போகிறவர்கள் கஞ்சியும் தண்ணீரும் கையோடு கொண்டுபோவது அதனால்தான். கருவிக்கும் அதைச் சரிசெய்யத் தெரிந்தவனுக்கும் இடையே தூரம் கூடக்கூட, உள்ளே வைக்க வேண்டியதும் கூடுகிறது. பிஸிபாக்ஸ் பிறந்ததே கெட்டுப்போன கம்ப்யூட்டரை மீட்கும் பிளாப்பிக்காகவும்தான். மீட்கும் கருவிகளை வெட்டிவிட்டு அதைச் சின்னதாக்குவது, அது எதற்காகப் பிறந்தது என்பதையே மறப்பது.

அப்படியானால் எல்லாம் இருக்கட்டுமா?

"சரி, முதல் கட்சியே சரி என்கிறாயா?" என்று கேட்டால், அதுவும் இல்லை. டெல்நெட் சர்வர் என்று ஒரு ஆப்லெட் உண்டு. சுமார் 12 கே.பி.தான். வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்க இது வழி திறக்கும். பாஸ்வேர்டைக்கூட மறைக்காமல் அப்படியே அனுப்பும் பழைய முறை இது.

2016ல் மிராய் என்ற மால்வேர் உலகம் முழுவதும் கேமராக்களுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. டெல்நெட் கதவு திறந்திருக்கும் கருவிகளைத் தேடி, தயாரிப்பாளர் வைத்த சுமார் 60 பாஸ்வேர்ட்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. உள்ளே நுழைந்ததும் பிஸிபாக்ஸைக் கூப்பிட்டு, இல்லாத ஒரு ஆப்லெட்டைக் கேட்கும். "அப்படி ஒரு ஆப்லெட் இல்லை" என்று பதில் வந்தால், கட்டளைகள் வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளும். இப்படிச் சேர்த்த கருவிப் படையை வைத்து அந்த ஆண்டு அக்டோபரில் நடத்திய தாக்குதலில் ட்விட்டர் உள்ளிட்ட பல பெரிய தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. 2017 ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஏராளமாக ஒரு மால்வேர் தாக்குதலுக்கு உள்ளாயின. கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள்தான் சிக்கின. பாஸ்வேர்டை மாற்றுமாறு நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இன்னொன்று. 2021 நவம்பரில் கிளாரோட்டி, ஜேபிராக் என்ற இரு பாதுகாப்பு நிறுவனங்கள் பிஸிபாக்ஸில் 14 ஓட்டைகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தன. 1.34 பதிப்பில் அவை அடைக்கப்பட்டன. அந்த 14ல் 9 ஓட்டைகள் 'ஆக்' என்ற ஒரே ஆப்லெட்டில் இருந்தன. அந்த ஆப்லெட்டைச் சேர்க்காத கருவிகளுக்கு அந்த ஒன்பதைப் பற்றிக் கவலையே இல்லை. இல்லாத கதவை யாரும் உடைக்க முடியாது.

பெயர் இருந்தால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. நெட்டிலிருந்து பைல் இறக்கும் டபிள்யுகெட் ஆப்லெட்டில், பாதுகாப்பான இணைப்புக்கான ஆப்ஷன் ஒன்று உண்டு. அனுப்புவதை அது பூட்டி அனுப்பும். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் உண்மையான ஆள்தானா என்று சான்றிதழைச் சரிபார்க்காது. அதை நம்பி அப்டேட் இறக்கினால் ஆபத்து. பிங் ஆப்லெட்டிலும் இப்படித்தான். ஒரு ஆப்ஷனை நீக்கினால், "உயிரோடு இருக்கிறது" என்று ஒரே வரி மட்டும் சொல்லும். எத்தனை மில்லி விநாடி, எத்தனை பாக்கெட் தொலைந்தது என்று எதுவும் சொல்லாது.

என் மூன்று கேள்விகள்

இப்போது மெனுவின் முன் உட்கார்ந்தால் கே.பி. கணக்கைக் கடைசியில்தான் பார்க்கிறேன். அதற்கு முன் மூன்று கேள்விகள்.

1. இது நின்றுபோனால் இதன் முன் நிற்பவர் யார்? நானா, பிளஸ் டூ மாணவியா? அவருக்குப் புரியும்படி பேசக்கூடிய உதவிக் குறிப்புகளும் பிழைச் செய்திகளும் கட்டாயம் வேண்டும்.

2. நான் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் எடிட்டர், பதிவேடு, நேரம், நெட்வொர்க் சோதனை ஆகிய நான்கையும் தொடக் கூடாது.

3. வெளியிலிருந்து இதை யார் தட்டலாம்? வெளியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆப்லெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிட வேண்டும், அது 1 கே.பி.யாக இருந்தாலும்.

சுருக்கமாகச் சொன்னால், உள்ளே நின்று பழுது பார்க்க உதவுவதை வைத்துக்கொள்ளுங்கள், வெளியே கதவு திறப்பதை எடுத்துவிடுங்கள். இரண்டு கட்சிகளும் செய்யத் தவறுவது இந்தப் பிரிவினையைத்தான்.

புதிய பெட்டியில் டெல்நெட் இல்லை. சித்தப்பாவின் செல்போன் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் வந்தால் அதில் இணைந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். அதுவரை 1970 என்று பொய் சொல்லாமல் "நேரம் தெரியவில்லை" என்று எழுதும். பேட்டரியையும் மாற்றினோம். இரண்டே வாரத்தில் விடை கிடைத்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், மோட்டார் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக ஓடிய நாட்களில் மட்டும் ஒரு ஒயரில் கரண்ட் விட்டு விட்டு வந்தது. மெக்கானிக் அந்தப் பேஸின் பியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்த்தார். உள்ளே தகடு கருகித் தளர்ந்து போயிருந்தது. வெயிலும் கரண்டும் சேர்ந்து சூடேற்றியதும் பிடி விட்டிருக்கிறது. "அண்ணாச்சி, ஒங்களச் சொன்னது தப்புதான்" என்றார். புது பியூஸ் கேரியர் போட்டபின் இன்று வரை காயில் கருகவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்

நீங்கள் பிஸிபாக்ஸ் கட்டப்போவதில்லை. ஆனால் இதே தேர்வை நீங்களும் தினமும் செய்கிறீர்கள். ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று கிளிக் செய்துகொண்டே போகிறீர்களே, அது முதல் கட்சி. கஸ்டம் என்ற ஆப்ஷன் இருந்தால் அதைத் தேர்வு செய்து, என்னென்ன சேர்கிறது என்று ஒரு முறை படியுங்கள். அதே சமயம், இடம் அடைக்கிறது என்று ரெகவரி பார்ட்டிஷனை அழித்துவிடாதீர்கள். அது இரண்டாவது கட்சி. விண்டோஸ் படுத்துவிடும் நாளில் கை கொடுப்பது அதுதான். ஒரு ரெகவரி பென் டிரைவும் தயார் செய்து வைத்துவிடுங்கள்.

மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, கூடவே வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். டெல்நெட், ரிமோட் மேனேஜ்மென்ட் என்று ஏதாவது ஆன் ஆகியிருந்தால், தேவையில்லாத பட்சத்தில் ஆஃப் செய்யுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கேமராவோ ரூட்டரோ வாங்கிக் கொடுப்பவராக இருந்தால் விலையை மட்டும் கேட்காதீர்கள். "இது நின்றுபோனால் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? அப்டேட் எத்தனை வருடம் வரும்?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

பிஸிபாக்ஸ் ஜி.பி.எல். லைசென்ஸில் வருவது. அதைத் தம் கருவியில் வைத்து விற்கும் நிறுவனம், கேட்பவருக்கு அதன் சோர்ஸ் கோடைத் தர வேண்டும். தராத ஒரு நிறுவனத்தின் மேல் 2007ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து பிஸிபாக்ஸ் என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆப்லெட்களின் முழுப் பட்டியலே வந்து நிற்கும். படித்துப் பாருங்கள், எதுவும் கெட்டுவிடாது.

எங்கள் தங்கை இப்போது காலேஜில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் அவளை உட்கார வைத்து மெனுகான்பிக் திரையைக் காட்டினேன். பட்டியலில் வி.ஐ. வந்ததும் என்னைக் கேட்காமல் அவளே ஸ்பேஸ் பாரைத் தட்டிச் சேர்த்தாள்.